தொட்டி, ஃபிளாஞ்ச் வரைபடங்களை ஒவ்வொரு ஆர்டருக்கும் கையால் திருத்துவதிலிருந்து விடுபட எங்கிருந்து தொடங்குவது?

துவாக்குடி_வரைவாளர்

அனைவருக்கும் வணக்கம். திருச்சியை அடுத்த துவாக்குடியில் சேமிப்புத் தொட்டிகளும் சிறு கலன்களும் செய்து தரும் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் பதினான்கு ஆண்டுகளாக டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். நிரலாக்கம் எதுவும் கற்றதில்லை. எங்கள் பிரிவில் மூன்று பேர் இருக்கிறோம். இரண்டு கணினிகளில் வரைபட மென்பொருளான ஆட்டோகேடின் முழுப் பதிப்பும், ஒன்றில் அதன் சுருக்கப் பதிப்பான ஆட்டோகேட் எல்டி 2024உம் உள்ளன.

எங்களுக்கு வரும் ஆர்டர்கள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தொட்டியின் விட்டம், உயரம், தகட்டின் தடிமன், நாசில்களின் (தொட்டியில் குழாய் இணையும் வாய்களின்) அளவும் அவை அமையும் கோணமும் மட்டுமே மாறும். ஆனால் ஒவ்வொரு முறையும் பொது அமைப்பு வரைபடம், ஷெல் விரிப்பு (தொட்டிச் சுவரின் தகட்டை விரித்துக் காட்டும் படம்), நாசில் விவரம், ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் வளையத் தகடு) விவரம், பொருள்பட்டியல் என்று எட்டுப் பத்துத் தாள்களைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்வது என்னவென்றால், பழைய ஆர்டரின் கோப்பைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற வேண்டியவற்றைத் தேடித் தேடி மாற்றுவதுதான். நேரம் குறைவாக இருக்கும்போது, படத்தின் கோட்டை நீட்டாமல் அளவின் எழுத்தை மட்டும் மாற்றி எழுதிவிடும் பழக்கமும் எங்களிடம் உண்டு. அது தவறு என்று தெரிந்தே செய்கிறோம்.

சென்ற ஆண்டு அதற்கான விலையைக் கொடுத்தோம். ஒரு 3 அங்குல ஃபிளாஞ்ச் தாளை நகலெடுத்து 4 அங்குலத் தாளாக மாற்றியவன் நான். வெளிவிட்டத்தையும் போல்ட் வட்டத்தையும் (துளைகளின் மையங்கள் அமையும் வட்டம்) சரியாக மாற்றினேன். துளைகளின் எண்ணிக்கையை மாற்ற மறந்தேன். 150 கிளாஸ் என்ற அழுத்தத் தர வகையில் 3 அங்குலத்துக்கு 4 துளைகள், 4 அங்குலத்துக்கு 8 துளைகள். வெல்டிங்குக்கு முன்பே கண்டிருந்தால், இருக்கும் நான்குக்கும் இடையே இன்னும் நான்கு துளை போட்டு, ஃபிளாஞ்சைச் சற்றுத் திருப்பிப் பொருத்தியிருக்கலாம். தொட்டியோடு சேர்த்து வெல்டிங் முடிந்த பிறகே கண்டோம். ஆறு ஃபிளாஞ்சுகளையும் அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது இதைத் தானியங்கியாக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கிறேன். ஆட்டோகேடுக்குள் ஓடும் லிஸ்ப் நிரல்மொழியைக் கற்பதா, ஸ்கிரிப்ட் கோப்புகள் போதுமா, அளவை மாற்றினால் வடிவமும் மாறும் டைனமிக் பிளாக் போதுமா, அல்லது முப்பரிமாண மென்பொருளுக்கே மாறிவிட வேண்டுமா என்பதுதான் என் குழப்பம். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நிரலை எழுதித் தருகிறது என்கிறார்கள். அதை நம்பலாமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கலன்_கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியில் பாதி விடை இருக்கிறது. எவை மாறும் என்பதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த வரியைத்தான் முதலில் விரித்து எழுத வேண்டும். கடைசியாகச் செய்த பத்து ஆர்டர்களின் கோப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளிலும் எந்தெந்த எண் மாறியது, எது மாறவே இல்லை, எது வேறொரு எண்ணிலிருந்து கணக்கிட்டு வந்தது என்று எக்செல்லில் மூன்று நிறத்தில் குறியுங்கள். இதற்கு ஒரு வாரம் ஆகலாம். இதைச் செய்யாமல் லிஸ்ப் எழுத உட்கார்ந்த பலரையும் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் புதுப்புது விதிவிலக்குகள் முளைத்து, நிரல் அவர்களுக்கே புரியாத ஒன்றாகிவிடும்.

அடுத்து, நிரலே இல்லாமல் முடியக்கூடிய வேலையை முடித்துவிடுங்கள். லேயர்கள், அளவுக் குறிப்பின் பாணி, எழுத்துரு எல்லாம் அடங்கிய ஒரு டெம்ப்ளேட். நிரப்பக்கூடிய புலங்களான அட்ரிப்யூட் கொண்ட டைட்டில் பிளாக், அதாவது தாளின் விவரக் கட்டம். திட்டத்தின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்திலிருந்து நிரம்புவதற்கு ஷீட் செட் மேனேஜர். இது ஆட்டோகேட் 2005 முதலே முழுப் பதிப்பில் இருக்கிறது. இருந்தும் பல பட்டறைகளில் அதைத் திறந்தே பார்த்ததில்லை. ஏணி, கைப்பிடி, மேன்ஹோல் மூடி போன்று நீள அகலம் மட்டும் மாறும் பொருள்களுக்கு டைனமிக் பிளாக் மிக நன்று. ஆனால் ஃபிளாஞ்சில் அது திணறும். டைனமிக் பிளாக்கில் உள்ள அரே (ஒன்றையே பலமுறை அடுக்கும் வசதி) கிடைவரிசையும் நெடுவரிசையுமாக அடுக்குமே தவிர, வட்டத்தைச் சுற்றித் துளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்காது. லிஸ்ப் தேவைப்படுவது அங்கேதான்.

ஸ்கிரிப்ட் கோப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டளைகளை அப்படியே வரிசையாக ஓட்டும். ஐம்பது கோப்புகளைத் திறந்து, பயன்படாதவற்றை நீக்கி (பர்ஜ்), பிடிஎஃப் எடுப்பது போன்ற வேலைக்கு ஏற்றது. அதில் ஓர் இடைவெளியும் என்டர் விசையாகவே கொள்ளப்படும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஒரே ஓர் இடைவெளி மொத்த ஓட்டத்தையும் தடம்புரளச் செய்யும். யோசித்து முடிவெடுக்கும் திறன் ஸ்கிரிப்ட்டுக்குக் கிடையாது.

லிஸ்ப் மொழி 1958இல் பிறந்தது. ஆட்டோகேடுக்குள் 1986இல் வந்தது. அன்று எழுதிய சிறு நிரல்கள் பல இன்றைய பதிப்பிலும் ஓடுகின்றன. நீண்ட நாள் நிற்க வேண்டிய ஒன்றைக் கற்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. எல்டியிலும் 2024ஆம் பதிப்பிலிருந்து லிஸ்ப் ஓடும் என்பதால் உங்கள் மூன்று கணினிகளுக்கும் ஒரே கோப்பு போதும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் முதல் நிரல் எதையும் வரையக் கூடாது. படித்துப் பார்ப்பதாக மட்டும் இருக்க வேண்டும். திறந்திருக்கும் கோப்பில் உள்ள எல்லா அளவுக் குறிப்புகளையும் திரட்டி, எவற்றில் எழுத்து கையால் மாற்றப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சிவப்பாக்கும் நிரலை எழுதுங்கள். அளவுக் குறிப்பின் தரவில் குறியீட்டு எண் 1இல் அந்த எழுத்து இருக்கும். அது வெறுமையாக இருந்தால் ஆட்டோகேட் அளந்த உண்மையான அளவு. வெறுமையாக இல்லாமலும், அளந்த மதிப்பைக் குறிக்கும் கோண அடைப்புக்குறி இணை அதில் இல்லாமலும் இருந்தால் யாரோ எழுதியது. இருபது வரிக்குள் முடியும். எதையும் கெடுக்காது. உங்களுக்கு ஆறு ஃபிளாஞ்சுகளை அறுக்க வைத்த பழக்கத்தின் வேரையும் அது காட்டிவிடும்.

வரையும் நிரலுக்குப் போகும்போது, வட்டத்தையும் கோட்டையும் கமாண்ட் (கட்டளையைத் தட்டச்சு செய்வது போல ஓட்டுவது) வழியாக வரைவதைவிட என்ட்மேக் (பொருளை நேரடியாகக் கோப்பில் சேர்ப்பது) வழியாக உருவாக்குவது நல்லது. கமாண்ட் வழியில் திரையிலுள்ள ஆப்ஜெக்ட் ஸ்னாப் குறுக்கிட்டு, நீங்கள் கொடுத்த புள்ளியை விட்டுப் பக்கத்திலுள்ள முனைக்குத் தாவிவிடும். நெருக்கமான படத்தில் இது நடந்தது கண்ணுக்கே தெரியாது. கமாண்டைத் தவிர்க்க முடியாத இடத்தில் ஸ்னாப் அமைப்பைக் கொண்டிருக்கும் ஆஸ்மோட் மதிப்பைச் சேமித்து, சுழியமாக்கி, வேலை முடிந்ததும் திருப்பி வையுங்கள். நிரல் நடுவில் நின்றாலும் அது திரும்பி வரும்படி பிழைச் செயல்கூறு ஒன்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பக்கத்து இருக்கைக்காரர், தம் கணினியில் ஸ்னாப் வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பார்.

ஆய்வுமேசை

நான் வரைபவன் அல்லன். தரப் பிரிவில் இருந்துகொண்டு, வரைபடங்களின்படி செய்த பொருள்களை அளப்பவன். அதனால் நிரல் செய்யும் பிழை எப்படி இருக்கும் என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அது மனிதர் செய்யும் பிழையைப் போல இருப்பதில்லை.

ஃபிளாஞ்சின் துளைகள் மையக்கோட்டின் மேல் விழாமல் அதன் இருபுறமும் சமமாக அமைய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே முதல் துளையின் கோணம் 180ஐத் துளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவர் இதை லிஸ்ப்பில் அப்படியே எழுதினார். லிஸ்ப்பில் இரு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும், பின்னம் வெட்டப்பட்டுவிடும். 4 துளைக்கு 45, 12 துளைக்கு 15, 20 துளைக்கு 9 என்று சரியாக வந்தது. 8 துளைக்கு 22.5 வர வேண்டிய இடத்தில் 22 வந்தது. சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டதோ 2 அங்குலமும் 10 அங்குலமும். அதாவது 4 துளையும் 12 துளையும். இரண்டும் தேறின. நிரல் எல்லோர் கணினிக்கும் போய்விட்டது.

16 அங்குல ஃபிளாஞ்சில் பிழை தானே வெளிப்பட்டது. 16 துளைக்கு, 360ஐத் துளைகளின் எண்ணிக்கையால் வகுத்து வரும் இடைக்கோணம் 22.5க்குப் பதில் 22 ஆனதால், கடைசித் துளைக்கும் முதல் துளைக்கும் நடுவே 30 பாகை இடைவெளி விழுந்தது. போல்ட் வட்டம் 539.8 மி.மீ. என்பதால், எல்லா இடைவெளிகளும் 105.3 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில், பதினைந்து இடைவெளிகள் 103 ஆகவும் ஒன்று மட்டும் 139.7 ஆகவும் இருந்தன. யாரும் பார்த்தவுடன் கண்டுகொள்வர். 8 அங்குலத்தில் அப்படியில்லை. அங்கே இடைக்கோணம் 45 என்று சரியாகவே வருவதால், எட்டுத் துளைகளும் ஒன்றுக்கொன்று மிகச் சரியான தூரத்தில் இருந்துகொண்டு, மொத்தமாக அரை பாகை மட்டும் திரும்பி நின்றன. 298.5 மி.மீ. போல்ட் வட்டத்தில் அது சுமார் 1.3 மி.மீ. நகர்வு. முக்கால் அங்குல போல்ட்டுக்கு 22.2 மி.மீ. துளை என்பதால் பல இடங்களில் போல்ட் நுழைந்துவிட்டது. மறுமுனை ஏற்கெனவே இறுக்கப்பட்ட குழாயைப் பொருத்திய இடத்தில்தான் முரண்டு பிடித்தது.

ஆகையால் நிரல் வரைந்து முடித்ததும் தன்னையே அளந்து பார்க்கும்படி செய்யுங்கள். அந்த அளவை வேறொரு சூத்திரத்தால் கணக்கிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரு துளை மையங்களுக்கு இடையிலான நேர்த்தூரம் ஒரு சோதனை. அது மட்டும் போதாது என்பதை மேலே சொன்ன 8 அங்குலக் கதையே காட்டும். முதல் துளையின் மையம் கிடைமட்ட மையக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தத் தூரம் அடுத்தடுத்த துளைகளின் இடைவெளியில் சரிபாதியாக, 57.1 மி.மீ. இருக்க வேண்டும், அவருடைய படத்தில் 55.9 இருந்தது. இவற்றோடு ஒவ்வொரு துளை எண்ணிக்கைக்கும், அதாவது 4, 8, 12, 16, 20 எல்லாவற்றுக்கும், ஒரு முறையாவது வரைந்து பார்க்காமல் நிரலை வெளியே விடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலுக்கும் இதே விதிதான். எழுதியவர் யாராக இருந்தாலும் 180ஐ 8ஆல் வகுக்கும் இடம் ஒன்றுதான். 180 என்று எழுதாமல் 180.0 என்று எழுதினால் இந்தப் பிழை வராது. ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கத் தெரிந்த அளவுக்காவது உங்களுக்கு லிஸ்ப் படிக்க வர வேண்டும்.

அளவுகள் அடங்கிய அட்டவணையைப் பற்றியும் ஒரு சொல். ஃபிளாஞ்ச் அளவுகளுக்கான தரநூலான ஏஎஸ்எம்இ பி16.5இலிருந்து எண்களைத் தட்டச்சு செய்து முடித்த பிறகு, ஒருவர் நூலைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அட்டவணையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை அட்டவணையின் தலையிலேயே எழுதுங்கள். ஆர்டருக்கு ஆர்டர் செய்த தனித்தனிப் பிழைகள் போய்விடும் என்பது உண்மையே. ஆனால் அட்டவணையில் உள்ள ஒரு பிழை இனி எல்லா ஆர்டருக்கும் போகும்.

பம்புநகரம்

கோவையில் பம்பு வடிவமைப்பில் இருக்கிறேன். பத்து ஆண்டுகளாக முப்பரிமாண மென்பொருளான சாலிட்வொர்க்ஸில்தான் வேலை. முப்பரிமாணத்துக்கு மாறலாமா என்ற கேள்விக்கு மட்டும் என் கருத்து.

மாறினால் கிடைப்பது பெரிது. மாதிரியில் ஓர் எண்ணை மாற்றினால் வரைபடம், பொருள்பட்டியல், எடை எல்லாம் சேர்ந்து மாறும்; எக்செல்லில் உள்ள டிசைன் டேபிளின் ஒவ்வொரு வரியும் ஒரு கான்ஃபிகரேஷனாகும் (அதே மாதிரியின் ஓர் அளவு வகை). இன்வென்டர் என்ற மென்பொருளில் இதே வேலையை ஐலாஜிக் விதிகளால் செய்வார்கள். ஆனால் அந்த மாதிரியைக் கட்டுவதுதான் உழைப்பு. எல்லா ஆர்டருக்கும் பொருந்தும் ஒரே மாதிரி வேண்டும் என்று நாங்கள் முதலில் கட்டியது, ஓர் அளவு சுழியமானபோதும், வலுவூட்டும் ரிப்களின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைந்தபோதும் சிவப்புக் குறிகளாக உடைந்தது. பிறகு அதை நான்கு சிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மிகச் சிறிய அளவிலும் மிகப் பெரிய அளவிலும் சோதித்த பிறகே நம்பத் தொடங்கினோம்.

மேக்ரோ ரெக்கார்டரை நம்பி இறங்க வேண்டாம். அது நீங்கள் சுட்டியால் தொட்ட புள்ளியின் ஆயத்தொலைவுகளையும் சேர்த்தே பதிவு செய்கிறது. மாதிரியின் அளவு மாறியதும் அந்த இடத்தில் வேறொரு முகம் இருக்கும். பதிவு செய்ததை ஆரம்பப் பாடமாக வைத்துக்கொண்டு, ஃபீச்சர்களுக்குப் பெயர் சூட்டி, அந்தப் பெயரால் தேர்வு செய்யும்படி திருத்தி எழுத வேண்டும். செலவில்லாமல் பழகிப் பார்க்க விரும்பினால் ஃப்ரீகேட் என்ற இலவச முப்பரிமாண மென்பொருள் இருக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. அதனுள்ளேயே உள்ள விரிதாளில் ஒரு கட்டத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரை அளவாகப் பயன்படுத்தலாம். பைதானில் மேக்ரோவும் எழுதலாம்.

உங்கள் நிலைமைக்கு, ஃபிளாஞ்சும் தொட்டியும் தட்டையான கணக்குகள் என்பதால், இப்போதைக்கு லிஸ்ப்பே போதும் என்று நினைக்கிறேன். ஷெல் விரிப்பை இரண்டாவது நிரலாக வைத்துக்கொள்ளுங்கள். விரிப்பின் நீளத்துக்கு உள்விட்டத்தையோ வெளிவிட்டத்தையோ எடுக்காமல் நடுவிட்டத்தை எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 3000 மி.மீ. உள்விட்டமும் 8 மி.மீ. தகடும் என்றால் 9449.9 மி.மீ. வரும், உள்விட்டத்தையே போட்டுவிட்டால் 25 மி.மீ. குறையும். கவனிக்க வேண்டியது கோணம்தான். தொட்டியின் மேற்பார்வையில் நாசில் கோணத்தை வடக்கிலிருந்து கடிகாரத் திசையில் எண்ணுகிறோம். ஆட்டோகேட் கிழக்கிலிருந்து எதிர்த் திசையில் எண்ணுகிறது. 90இலிருந்து கழித்துத்தான் கொடுக்க வேண்டும். விரிப்பு உள்ளிருந்து பார்ப்பதா வெளியிலிருந்து பார்ப்பதா என்பதையும் தாளிலேயே எழுத வைத்துவிடுங்கள். இல்லையேல் நாசில்கள் அனைத்தும் கண்ணாடிப் பிம்பம் போல இடம் மாறிவிடும்.

இன்னொன்று: இணையத்தில் கிடைக்கும் லிஸ்ப் கோப்புகளை யோசிக்காமல் ஏற்றாதீர்கள். 2012இல் பெரு நாட்டில் பரவிய ஏகேட் மெட்ரே என்ற தீநிரல் லிஸ்ப்பில் எழுதப்பட்டதுதான். திறந்த வரைபடங்களை அது மின்னஞ்சலில் வெளியே அனுப்பிவிட்டது. நம்பகமற்ற நிரல் ஏறுவதற்கு முன் எச்சரிக்கும் செக்யூர்லோட் அமைப்பை அணைத்துவிடாமல், உங்கள் நிரல்கள் இருக்கும் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் நம்பகமான பாதையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துவாக்குடி_வரைவாளர்

மூவருக்கும் நன்றி. ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன்; வெறுங்கையோடு வரக் கூடாது என்று காத்திருந்தேன்.

கலன்_கணக்கு ஐயா சொன்னபடி, வரையாத நிரலைத்தான் முதலில் எழுதினேன். செயற்கை நுண்ணறிவிடம் வரைவைப் பெற்று, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று புரியும்வரை கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். நாங்கள் மூலக் கோப்பு என்று நம்பி நகலெடுத்துக்கொண்டிருந்த தொட்டி வரைபடத்தில் அதை ஓட்டியபோது, 31 அளவுகள் சிவப்பாயின. அவற்றில் இரண்டு, நான் பட்டறையில் சேர்ந்த ஆண்டிலிருந்தே அப்படி இருந்திருக்க வேண்டும். முதலாளியை அழைத்து அந்தத் திரையைக் காட்டினேன். அவர் அதிகம் பேசவில்லை. வாரத்தில் ஒரு நாள் முழுவதையும் இந்த வேலைக்கு ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார்.

ஃபிளாஞ்ச் நிரல் இப்போது 1 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை, 150 கிளாஸுக்கு மட்டும் ஓடுகிறது. அட்டவணையை நானும் என் சக ஊழியரும் இரண்டு மாலைகள் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தோம். நான் தட்டச்சு செய்ததில் ஒரு துளை அளவு தவறாக இருந்ததை அவர்தான் பிடித்தார். ஆய்வுமேசை ஐயா சொன்ன இரு சோதனைகளையும் சேர்த்திருக்கிறேன். வேண்டுமென்றே 180.0ஐ 180 என்று மாற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். 8 அங்குலத்தில் முதல் சோதனை தேறியது, இரண்டாவது நிறுத்தியது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. ஷெல் விரிப்பை இனிமேல்தான் தொட வேண்டும். பம்புநகரம் சகோதரி சொன்ன பார்வைத் திசைக் குறிப்பை அதில் கட்டாயமாக்குவேன்.

ஒரு சிறு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. டைட்டில் பிளாக்கில் வரைந்தவர் என்ற கட்டத்தில் இனி யார் கையொப்பமிடுவது? நிரல் வரைந்த தாளில் என் பெயரை எழுதுவதற்குத் தயக்கமாக இருக்கிறது. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

ஆய்வுமேசை

நிரலை ஓட்டி, அளவைக் கொடுத்து, தாளை வெளியிட்டவர் எவரோ அவர்தான் வரைந்தவர். உங்கள் சக ஊழியர் ஓட்டினால் அவர் பெயர் வர வேண்டும். நிரல் எழுதியவர் என்பதற்காக உங்கள் பெயர் வரக் கூடாது. சரிபார்த்தவர் கட்டத்தில் மட்டும், அந்தத் தாளுக்கு நிரலை ஓட்டாத ஒருவரே கையொப்பமிட வேண்டும்.

அதோடு, டைட்டில் பிளாக்குக்கு மேலே சிறிய எழுத்தில் நிரலின் பதிப்பு எண்ணையும் அட்டவணையைக் கடைசியாகத் திருத்திய தேதியையும் நிரலே எழுதும்படி செய்யுங்கள். என்றாவது அட்டவணையில் ஒரு பிழை தெரியவந்தால், அந்தத் தேதியைக் கொண்டு எந்தெந்த ஆர்டர்களின் தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி இல்லாததால், நான் சொன்ன 8 அங்குல விவகாரத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது.